மைக் செட்காரர் வீட்டுப் பல்செட்

இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு பல்லைப் பிடித்திருந்தன. வலது கை ஒரு சின்னக் கத்தியை ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடரில் காட்டி எடுத்தது. கத்தி முனையில் இருந்த சிவப்பு மெழுகு உருகி, விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோலத் தொங்கியது. விழுவதற்குள் அது பல்லின் அடியில் போய்ச் சேர்ந்தது. விரல்கள் பல்லை மெழுகில் ஊன்றி, ஒரு நூலளவு உள்ளே தள்ளி, அரை நூலளவு வெளியே இழுத்து, அப்படியே அசையாமல் காத்திருந்தன. மெழுகின் பளபளப்பு மங்கியது. பல் நின்றுவிட்டது.

கைகள் அடுத்த பல்லை எடுத்தன.

மேசைமேல் இருந்தது வாய் இல்லை, வாயின் அச்சு. குழைத்து ஊற்றினால் இறுகிக் கல்லாகும் வெள்ளை மாவுக்கல்லில் வார்த்த மேல்தாடை. அதன்மேல் மெழுகில் ஒரு ஈறு. அந்த ஈற்றில்தான் பற்கள் ஒவ்வொன்றாகக் குடியேறிக்கொண்டிருந்தன. குடியேற்றிக்கொண்டிருந்தவளைத் தெருவில் எல்லோரும் பல்லக்கா என்பார்கள். சின்னப் பிள்ளைகளும் பல்லக்கா, பெரியவர்களும் பல்லக்கா. மளிகைக் கடைக்காரர் மட்டும் மரியாதை கருதிப் பல்லம்மா என்பார். அது இன்னும் மோசமாக இருக்கும்.

பல்லக்கா டாக்டர் இல்லை. டாக்டர் முன் அறையில் இருப்பார். சாயும் நாற்காலி, கண்ணைக் கூசும் விளக்கு, வாய் கொப்பளிக்கும் தொட்டி எல்லாம் அங்கே. பின் அறை பல்லக்காவுடையது. இரண்டுக்கும் நடுவே சுவரில் ஒரு சின்ன ஜன்னல். டாக்டர் அச்சை அந்த ஜன்னல் வழியாக நீட்டுவார். பல்லக்கா செட்டை அதே ஜன்னல் வழியாகத் திருப்பி நீட்டுவாள். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவளுக்கு அத்துப்படி. யார் வலது பக்கமே மெல்லுகிறவர், யார் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர் என்பதெல்லாம் அச்சைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். முகங்கள்தான் தெரியாது. கடைவீதியில் யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் முதலில் பல்லைப் பார்ப்பாள். அப்புறம்தான், 'ஓ, இவங்களா' என்று இருக்கும்.

அந்த அறையில் ஒரு சொல் மட்டும் ஓயாமல் உழைத்தது. பல்லை மெழுகில் நிறுத்துவது செட் பண்ணுவது. நிறுத்தி முடித்தால் அதுவே ஒரு செட். மாவுக்கல் இறுகினால் செட் ஆகிவிட்டது. புதுப் பல் வாய்க்குப் பழகினாலும் செட் ஆகிவிட்டது. பழகாவிட்டால் செட் ஆகவில்லை. மாவுக்கல்லைக் குழைத்து ஊற்றியபின் அது இறுகும்வரை யாரும் எதுவும் செய்ய முடியாது. ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்துப் பல்லக்கா காத்திருப்பாள். இறுகும்போது மாவுக்கல் தானாகச் சூடாகும். உள்ளங்கையில் மெல்ல ஏறும் அந்தச் சூடு, தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தொட்டதுபோல இருக்கும். கண் செருகும். அப்போது அந்தச் சொல் அறையைவிட்டுக் கிளம்பி ஊர் சுற்றப் போய்விடும்.

முதலில் அது அம்மா வீட்டு அலமாரிக்குப் போகும். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு டீ செட் இருந்தது. விளிம்பில் நீலக்கோடு போட்ட கோப்பைகள். நல்ல விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்பாள் அம்மா. வந்த விருந்தாளி ஒருத்தரும் அந்த அளவுக்கு நல்ல விருந்தாளியாக அம்மாவுக்குத் தோன்றவில்லை. அங்கிருந்து அப்பாவின் ரேடியோ செட்டுக்கு. அது பாடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும். பிறகு பள்ளிக்கூட வாசல். அவளோடு திரிந்த பெண்கள் ஒரு செட், அவர்களோடு பேசாதவர்கள் இன்னொரு செட். அலமாரிக் கொக்கியில் மாற்றுக்கு ஒரு செட் துணி. ஒருமுறை அந்தப் பெண்கள் செட்டோடு போய்ப் பார்த்த சினிமா செட். முன்னால் நின்று பார்த்தால் மாளிகை, தூண், மாடம். பின்னால் போனால் முட்டுக்கொடுத்த சட்டமும் ஆணியும், நிழலில் படுத்திருந்த ஒரு நாயும். அரைத்தூக்கத்தில் எல்லாம் கலந்துவிடும். நீலக்கோட்டுக் கோப்பைகள் பல்லாக வரிசையில் நிற்கும், ரேடியோ கனைக்கும், மாளிகைக்குப் பின்னால் நாய் வாலாட்டும். இத்தனைக்கும் ஒரே பேர் வைத்தவன் யாரோ, பேருக்கே பஞ்சம் வந்த ஊரில் பிறந்தவனாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். அதற்குள் உள்ளங்கையில் சூடு ஆறிப்போயிருக்கும். மாவுக்கல் செட் ஆகியிருக்கும்.

படிப்பு பாதியில் நின்றபோது கிண்ணம் கழுவத்தான் அவள் அந்த அறைக்கு வந்தாள். சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. பழுதென்று ஒதுக்கிய செட்டுகள் ஒரு டப்பாவில் கிடக்கும். அவற்றைச் சுரண்டி, உடைத்து, மறுபடி ஒட்டிப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். கையில் சூடு பட்டதற்குக் கணக்கில்லை. 'பல் செய்யற பொண்ணுக்கு எவன்டி செட் ஆவான்?' என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் வந்தவர் ரம்பம் தீட்டுகிறவர். தச்சுப் பட்டறைகளுக்கு எல்லாம் அவர்தான். பெண் பார்க்க வந்த இடத்தில் வெட்கமில்லாமல், "நானும் பல் செட் பண்றவன்தாங்க. ஒரே வித்தியாசம், என் பல்லு கடிச்சா மரம் விழும்" என்றார். உள்ளே நின்றிருந்தவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். அத்தைக்கு மானம் போயிற்று. கல்யாணம் முடிவாயிற்று.

இப்போது மேசைமேல் இருந்த மேல்தாடை, மைக் செட்காரரின் மனைவியுடையது.

மைக் செட்காரரைத் தெரியாதவர்கள் குறைவு. கூட்டம், விழா, யார் வீட்டு விசேஷம் என்றாலும் ஒலிபெருக்கி அவருடைய கடையிலிருந்துதான் போகும். சில வருஷங்களாகக் கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இப்போது சுத்தமாக இல்லை. கடையை அவருடைய அக்கா மகன் பார்த்துக்கொண்டான். அவருடைய மனைவிக்கு மேல்பற்கள் எல்லாம் ஆட்டம் கண்டு, டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து, ஈறு ஆறி, இப்போதுதான் செட் கட்டுகிற கட்டம். முதலில் மெழுகிலேயே பற்களை நிறுத்தி, வாயில் வைத்துப் பார்ப்பார்கள். பேச்சு, கடி, அழகு எல்லாம் சரியாக இருந்தால்தான் மெழுகை எடுத்துவிட்டு ஈறு நிற மாவை அடைத்து வேகவைப்பார்கள். வெந்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் ராவலாம், தேய்க்கலாம். பல்லை நகர்த்த முடியாது.

பல்லக்கா கடைசிப் பல்லையும் நிறுத்தினாள். விளக்கை ஊதினாள். முன்னால் எட்டிப் பார்த்தாள். கோடு போட்டதுபோல வரிசை. ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"ஆ காட்டுங்கம்மா" என்ற டாக்டரின் குரல் கேட்டது. பிறகு, "இந்தாங்க, கண்ணாடி."

கண்ணாடி கைமாறிய பிறகு அந்த அம்மா பேசவே இல்லை. பல்லக்காவுக்கு அந்த மௌனம் பழக்கம்தான். சில பேர் அழுவார்கள், சில பேர் ஓரப்பல்லைக் குறை சொல்வார்கள். ஆனால் இந்த மௌனம் நீண்டுகொண்டே போயிற்று. வழக்கத்தை மீறி அவள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தாள். நரைத்த தலை, மெலிந்த முகம். கண்ணாடியைத் தூரமாகப் பிடிப்பதும் கிட்டே கொண்டுவருவதுமாக இருந்தார் அந்த அம்மா. வாயை மூடிக்கொள்ள இடது கை தானாக எழுந்தது. பாதி வழியில் நின்று, மடியில் இறங்கியது.

"பிறந்ததுலேர்ந்து கோணப்பல்லு" என்றார் கண்ணாடியைப் பார்த்தபடியே. "முன்னாடி ரெண்டும் ஆளுக்கொரு திசை. சிரிச்சா கையால மூடிக்குவேன். ஒரு போட்டோவுலகூட வாய் திறந்ததில்லை. இது... இது யாருங்க டாக்டர்?"

"நீங்கதாம்மா" என்றார் டாக்டர் சந்தோஷமாக. "பேசிப் பாருங்க. சரி, சோறு, சும்மா, சாவி. சொல்லுங்க."

"சரி. சோறு. சும்மா. சாவி." சுத்தமாக வந்தது. வானொலியில் செய்தி வாசிக்கலாம்.

சுவரோரம் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த மைக் செட்காரர் தலையை ஒருபுறம் சாய்த்தார். "யாரு பேசறது?" என்றார்.

"நான்தாங்க."

"அது தெரியுது. ஆனா நீ இல்லையே."

"ஆரம்பிச்சாச்சா?" என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டார். "பல்லு இல்லாதப்ப, 'என்ன ஓட்டைப் பானைக்குள்ள பேசறே'ன்னீங்க. இப்ப நல்லா வருது, அதுவும் பிடிக்கலையா?"

"நாலு நாள் போட்டா செட் ஆயிடும் சார்" என்றார் டாக்டர்.

"பல்லு ஆகும் டாக்டர். நான் ஆகணுமே." அவர் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். கோபம் இல்லை, வழி தவறிய ஆள் யாரிடமாவது விசாரிப்பதுபோலத்தான் பேசினார். "எந்த ஊர்ல மைக் கட்டினாலும் முதல்ல இவதான் பேசுவா. 'சரியா கேக்குதா?' இவ்வளவுதான். அந்தச் 'சரி'யில ஒரு சின்ன விசில் வரும். ஊசி மாதிரி. கோணப்பல்லுக்கு நடுவுல காத்து போற சத்தம். அது காதைக் குத்தினா குமிழைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புவேன். அமுங்கிப்போனா அந்தப் பக்கம். அதை வெச்சுத்தான் மொத்த செட்டையும் செட் பண்ணுவேன். கண்ணு போனப்புறம் எனக்கு இவ முகமும் அதுதான். சமையல்கட்டுல இருக்காளா, வாசல்ல இருக்காளா, சிரிக்கறாளா, முறைக்கறாளா, எல்லாம் அந்த விசில்லதான் தெரியும். பல்லு எடுத்ததுலேர்ந்து வீட்ல யாரோ விருந்தாளி வந்து தங்கியிருக்கற மாதிரி இருக்கு. நல்ல விருந்தாளிதான். ஆனா விருந்தாளி பக்கத்துல எப்படிம்மா கால் நீட்டிப் படுக்கறது?"

அந்த அம்மா கண்ணாடியை இறக்கவில்லை. "உங்களுக்குத்தான் என்னைப் பார்க்க முடியாது. நான் பார்க்கறேன்ல? இத்தனை வருஷத்துல இப்பத்தான் பார்க்கறேன்."

"நீ உன்னைக் கண்ணாடியில பார்க்கறே" என்றார் மைக் செட்காரர். "நான் எதுல பார்க்கறது?"

டாக்டர் செட்டைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். "அக்கா, என்ன பண்ணலாம்? பழைய மாதிரி கோணலா வெச்சுடலாமா?"

பல்லக்கா அந்த அம்மாவைப் பார்த்தாள். பல் கழன்றதும் உதடு உள்ளே போயிருந்தது. கை மறுபடி வாயை மூடிக்கொண்டிருந்தது.

"ஒரு நாள் குடுங்க டாக்டர்" என்றாள்.

சாயங்காலம் வீட்டில் ரம்பக்காரர் வாசல் பக்கத்து வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். இடுக்கியில் ஒரு நீள ரம்பம். பல்லக்கா டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

"அந்தம்மாவுக்கு நேரா வேணும். அவருக்குக் கோணலா வேணும். ஒரே வாய்தான் இருக்கு" என்றாள்.

"ரெண்டு செட் பண்ணிடு. பகல்ல ஒண்ணு, விளக்கணைச்சதும் ஒண்ணு."

"கேலியா? அந்த மனுஷர் உட்கார்ந்திருந்ததை நீங்க பார்க்கலை."

அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். ரம்பத்தின் ஒரு பல்லை இடப்பக்கம் ஒரு மயிரளவு வளைத்தார். அடுத்ததை வலப்பக்கம். அதற்கடுத்தது மறுபடி இடம். அப்படி வளைத்தால்தான் ரம்பம் மரத்தில் தன் உடம்பைவிட அகலமாக வழி வெட்டும். இல்லாவிட்டால் பாதியில் சிக்கிக்கொள்ளும். அதற்கும் செட் பண்ணுவது என்றுதான் பேர். கடைசிப் பல்வரை போய் முடித்துவிட்டு, ரம்பத்தை இடுக்கியிலிருந்து எடுத்துப் பல் மேலே பார்க்கப் பிடித்துக்கொண்டார். சட்டைக் காலரில் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்துப் பற்களின்மேல் நீளவாக்கில் வைத்தார். ரம்பத்தை லேசாகச் சாய்த்தார். ஊசி, யாரோ இழுத்ததுபோல, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வழுக்கிக்கொண்டு போய் அவருடைய உள்ளங்கையில் விழுந்தது.

அவர் இதைச் செய்வதைப் பல்லக்கா கல்யாணமான நாளிலிருந்து பார்த்து வருகிறாள். இன்றைக்குத்தான் பார்த்தாள்.

"இன்னொரு தடவை பண்ணுங்க."

"எதுக்கு? செட் சரியா இருக்கு. கோணலா இருந்தா ஊசி நடுவுல தட்டி நின்னுடும்."

"பண்ணுங்கன்னா."

ஊசி மறுபடி வழுக்கிக்கொண்டு போயிற்று. பக்கவாட்டில் பார்த்தால் பற்கள் ஒரே நேர்வரிசை. மேலிருந்து பார்த்தால்தான் தெரியும், இரண்டு வரிசை, நடுவே ஒரு மெல்லிய பள்ளம். ஊசி அதில்தான் ஓடியது.

பல்லக்காவின் கட்டைவிரல் தானாக அசைந்தது. அந்தப் பள்ளம் அவளுக்குத் தெரியும். அவள் தனியாகச் செய்த முதல் செட் ஒரு வாத்தியாருடையது. அதன் முன்பற்களுக்குப் பின்னால், நாக்கு தொடும் இடத்தில், மெழுகைச் சரியாக நிரப்பாமல் ஒரு சின்னப் பள்ளம் விட்டுவிட்டாள். வாத்தியார் அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார். 'ச'வில் தொடங்கும் பேர் வந்தபோதெல்லாம் வாயிலிருந்து விசில் வந்தது. வகுப்பு முழுக்கத் திருப்பி விசில் அடித்தது. வாத்தியார் செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நேரே வந்துவிட்டார். 'விசில் செட்' என்று அப்போது அறையில் கூட வேலை செய்தவர்கள் ரொம்ப காலம் அவளைக் கேலி செய்தார்கள். அன்றிலிருந்து எந்த செட்டை முடித்தாலும் பின்பக்கம் கட்டைவிரலை ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டாள். இத்தனை காலமும் அந்தப் பள்ளம் இல்லை என்று பார்க்கத்தான் ஓட்டினாள்.

அந்த சினிமா செட் கண்ணுக்குள் வந்து நின்றது, முன்னால் நேராக மாளிகை. மாளிகைக்குப் பின்னால் வாலாட்டிய நாய் ஞாபகத்துக்கு வந்தது.

"டீ ஆறுது" என்றார் ரம்பக்காரர்.

"உங்களுக்குத்தான் கொண்டுவந்தேன்" என்றாள் அவள், அதை எடுத்துக் குடித்துக்கொண்டே.

முன்பற்கள் நேராகவே இருக்கட்டும், பின்னால் ஒரு பள்ளம் விடலாம் என்று மறுநாள் காலை அவள் சொன்னதைக் கேட்டு டாக்டர் புருவத்தை உயர்த்தினார். "விசில் அடிச்சா அது குறைன்னுதானே அக்கா நாங்க படிச்சோம்?"

"குறைதான் டாக்டர். அவங்க வீட்டுக் குறை. நாம எடுத்துட்டோம்."

டாக்டர் யோசித்தார். "பள்ளத்தை எங்க வைப்பீங்க? கண்டபடி தோண்டினா நாக்கு போய்ப் போய் உரசும், புண்ணாகும்." பிறகு அவரே எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு பொடி டப்பாவை எடுத்தார். "இதை செட்டோட மேலண்ணத்துல தூவி, வாயில வெச்சு, ஒரே ஒரு தடவை 'சரி' சொல்லச் சொல்வோம். நாக்கு பட்ட இடத்துல பொடி அழிஞ்சிருக்கும். படாத இடத்துல அப்படியே இருக்கும். காத்து போறது அந்தப் படாத இடத்துலதான்."

மைக் செட்காரரும் மனைவியும் வந்ததும் அப்படியே செய்தார்கள். அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "சரி" என்றார். செட்டை எடுத்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் பொடி அழிந்து, முன்பற்களுக்குப் பின்னால் நடுவே ஒரு வெள்ளைத் தடம் மட்டும் மிச்சமிருந்தது. யாரும் நடக்காத ஒற்றையடிப் பாதைபோல. பல்லக்கா அந்தப் பாதையை ஆழமாக்கினாள். மெழுகுக் கத்தியைச் சூடாக்காமல், ஒரு சுரண்டல், ஒரு துடைப்பு. முன்னால் இருந்த பற்களைத் தொடவே இல்லை.

"தங்கச்சி" என்று அந்த அம்மா அவளைக் கூப்பிட்டார். முன் அறைக்கு வந்து நாற்காலி பக்கத்தில் பல்லக்கா நின்றது அன்றைக்குத்தான் முதல் முறை. "முன்னாடி கோணலாயிடாதே?"

"ஆகாதுங்கம்மா. உங்க கண்ணாடிக்கு நான் பொறுப்பு."

"அந்த விசில் வருதா, வரலையான்னு எனக்குத் தெரியவே தெரியாது. நான் கேட்டதே இல்லை. இவர்தான் சொல்வார்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பல்லு எடுத்த இந்த மூணு மாசமா மனுஷர் பக்கத்து அறையில படுக்கறார். காத்து வரலையாம்."

மெழுகு செட் மறுபடி வாய்க்குள் போயிற்று. டாக்டர் கையைத் தூக்கி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். அந்த அம்மா பெஞ்சியைப் பார்த்து, "சரியா கேக்குதா?" என்றார்.

மைக் செட்காரர் நிமிர்ந்தார். முகத்தில் ஏதோ வந்தது. "இன்னொரு தடவை."

"சரியா கேக்குதா?"

"இன்னொரு தடவை சொல்லு."

"சரியா கேக்குதாங்கறேன்ல!"

அவர் மெல்லப் பின்னால் சாய்ந்தார். "வந்துச்சு. முதல்ல வந்துச்சு. அப்புறம் போயிடுச்சு."

பல்லக்கா செட்டை வாங்கிப் பார்த்தாள். வாயின் சூட்டில் மெழுகு இளகி, பள்ளம் பாதி மூடியிருந்தது. மெழுகை நம்பி இனி ஒன்றும் பார்க்க முடியாது. வேகவைத்த பிறகுதான் தெரியும். வெந்த பிறகு பள்ளம் ஆழம் போதாவிட்டால் தோண்டலாம். அதிகமானால் நிரப்புவது கஷ்டம், நிரப்பாவிட்டால் வீட்டுக்குள் விசில் ரயில் ஓட்டும். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

அன்று பின் அறையில் அவசரமே இல்லை. செட்டைப் பித்தளைப் பெட்டிக்குள் மாவுக்கல்லில் புதைத்து, அது இறுகும்வரை கையை மேலே வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். சூடு ஏறியது. சொல் கிளம்பியது. இந்தத் தடவை அது ரொம்ப தூரம் போகவில்லை. எங்கோ ஒரு மைதானத்தில் ஆளில்லாத நாற்காலிகள், கம்பங்களில் ஒலிபெருக்கிகள், மேடையில் கையால் வாயை மூடிக்கொண்டு ஒரு சின்னப் பெண். பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்த இளைஞன் 'ம்' என்று தலையைத் தூக்கினான். அந்தப் பெண் கையை எடுத்தாள். அவள் சொன்னது கேட்கவில்லை. மைதானத்தின் கடைசி நாற்காலிவரை ஊசி ஒன்று வழுக்கிக்கொண்டு போனது மட்டும் தெரிந்தது.

கண் விழித்தபோது உள்ளங்கை ஆறியிருந்தது.

வெந்நீரில் மெழுகு கரைந்து ஓடியது. பற்கள் மாவுக்கல்லில் கவிழ்ந்து கிடக்க, அந்தக் காலி இடத்தில் ஈறு நிற மாவை அடைத்து, பெட்டியை இறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் இறக்கினாள். வெந்ததை அவசரப்பட்டு வெளியே எடுக்கக் கூடாது, தண்ணீரோடு தானாக ஆற வேண்டும், இல்லாவிட்டால் கோணிக்கொள்ளும். ஆறியதும் உடைத்தெடுத்தாள். முன்பக்கத்தை எப்போதும்போல மினுங்கத் தேய்த்தாள். பின்பக்கம் வந்ததும் சுழலும் சக்கரத்தை நிறுத்திவிட்டாள். சக்கரத்துக்குப் பள்ளம் மேடு தெரியாது, எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். ஒரு தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, பாலிஷ் மாவைத் தொட்டு, அந்தச் சின்னப் பாதையைக் கையாலேயே தேய்த்தாள். கட்டைவிரலை ஓட்டினாள். இருந்தது. இன்னொரு தடவை ஓட்டினாள். அவள் செய்த செட்டுகளிலேயே கட்டைவிரல் அங்கே போய் நின்று சந்தோஷப்பட்டது இது ஒன்றில்தான்.

அவர்கள் வந்தபோது அவள் செட்டை ஜன்னல் வழியாக நீட்டவில்லை. கழுவி, ஈரத்தோடு உள்ளங்கையில் ஏந்தி, கதவைத் திறந்துகொண்டு முன் அறைக்கு வந்தாள். அந்த அம்மா நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி ஏற்கெனவே மடியில் இருந்தது. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். பல்லக்கா அவரைத் தாண்டிப் பெஞ்சிக்குப் போனாள்.

"அய்யா, கையை நீட்டுங்க."

மைக் செட்காரர் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். அவள் அதில் செட்டை வைத்தாள்.

அவர் விரல்கள் முதலில் பற்களின் முன்பக்கம் போயின. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. எங்கும் தடுக்கவில்லை. "நேராத்தான் இருக்கு" என்றார். குரலில் ஏமாற்றத்தை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நேராத்தான் இருக்கும். அம்மாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன்" என்றாள் பல்லக்கா. "பின்னாடி திருப்பிப் பாருங்க."

அவர் திருப்பினார். கட்டைவிரல் பற்களுக்குப் பின்னால் இறங்கி, மெல்ல நகர்ந்து, ஓரிடத்தில் நின்றது. அங்கேயே முன்னும் பின்னும் போயிற்று.

"இங்கயா ஒளிஞ்சுக்கிட்டே?" என்றார்.

"என்னத்தை வெச்சுத் தடவிக்கிட்டே இருக்கீங்க? என் பல்லு அது. கொண்டாங்க" என்றார் நாற்காலியிலிருந்து அந்த அம்மா.

அவர் எழுந்து குரல் வந்த பக்கம் நடந்தார். டாக்டர் விலகி வழிவிட்டார். செட் அவர் கையிலிருந்து அந்த அம்மாவின் கைக்குப் போயிற்று. அந்த அம்மா அதைத் தொட்டிக் குழாயில் ஒருமுறை அலசி, தலையைத் திருப்பிக்கொண்டு வாயில் வைத்து, ஈறோடு அழுத்தினார். உதடு எழுந்தது. கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். வாய் திறந்து, கையில்லாமல், சிரித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கணவர் நின்ற பக்கம் திரும்பினார்.

"சரியா கேக்குதா?"

மைக் செட்காரரின் வலது கை இடுப்புயரத்துக்கு எழுந்து, அங்கே இல்லாத ஒரு குமிழைப் பிடித்து, மெதுவாகக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பியது.